மயில் மீன் வேட்டையாடும் விதம்

உலகிலேயே வேகமாக நீந்தும் மீன் எது என்று கேட்டால், பொது அறிவுப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் சொல்கின்றன: மயில் மீன், மணிக்கு 110 கிலோமீட்டர். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த எண் தவறு. கடலில் இறங்கி அளந்தவர்களுக்குக் கிடைத்த வேகம் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. இதைக் கேட்டுச் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த எண்ணையே பிடித்துக்கொண்டு நின்றதால், இந்த மீன் உண்மையில் எதில் கைதேர்ந்தது என்று நாம் கேட்காமலே இருந்துவிட்டோம்.

முதலில் மீனைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டுக் கடற்கரையில் மயில் மீன் என்றும், இலங்கைச் சந்தைகளில் தளபத்து என்றும் இதைச் சொல்கிறார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஷா 1792-இல் இதை அறிவியல் முறைப்படி விவரித்தார். இன்றைய அறிவியல் பெயர் இஸ்டியோபோரஸ் பிளாட்டிப்டெரஸ். அட்லாண்டிக்கில் இருப்பது ஓர் இனம், இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் இருப்பது வேறோர் இனம் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். மரபணுவை ஒப்பிட்ட பிறகு பெரும்பாலான ஆய்வாளர்கள் இரண்டையும் ஒன்றாகவே கொள்கிறார்கள். வெதுவெதுப்பான கடல் எங்கிருந்தாலும் அங்கே இது இருக்கும். வங்காள விரிகுடா, மன்னார் வளைகுடா, அரபிக்கடல் மூன்றிலும் உண்டு.

கரையில் கிடக்கும் மயில் மீனைப் பார்த்தவர்களில் பலர் அதன் பாயைப் பார்த்திருக்க மாட்டார்கள். செத்த மீனில் அது மடங்கி, முதுகில் ஓடும் ஒரு நீண்ட பள்ளத்துக்குள் படுத்துக் கிடக்கும். முன்பக்க முள்ளைப் பிடித்து மெல்லத் தூக்கினால் கைவிசிறி போல விரியும். தலையை ஒட்டித் தொடங்கி முதுகின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும் இந்த முதல் முதுகுத்துடுப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட கதிர்கள். நடுப்பகுதியில் அதன் உயரம் மீனுடைய உடலின் உயரத்தைவிட அதிகம். கருநீலச் சவ்வு, அது முழுக்கச் சிறு கரும்புள்ளிகள். உடம்பு நீண்டு, பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். முதுகு கருநீலம், வயிறு வெள்ளி, விலாவில் வெளிர்நீலப் புள்ளிகள் மேலிருந்து கீழாகச் சேர்ந்து ஏறக்குறைய 20 வரிகளாக இறங்கும். இந்த நிறமெல்லாம் உயிர் உள்ளவரைதான். ஏலக்கூடத்தில் கிடக்கும்போது எல்லாம் மங்கிச் சாம்பலும் கருப்புமாகிவிடும்.

வயிற்றடியில் இரண்டு துடுப்புகள் மிக மெல்லியதாக, மலவாய் வரை எட்டும் அளவுக்கு நீண்டு கிடக்கும். அவற்றுக்கும் வயிற்றில் ஒரு பள்ளம் உண்டு. நேராக நீந்தும்போது மேலே பாயையும் கீழே இந்த இரண்டையும் உள்ளே மடக்கிக்கொண்டு, உடம்பில் எதுவும் துருத்தாமல் மீன் நழுவிப் போகும். வால் பிறைவடிவம், வாலின் அடியில் இருபுறமும் இரண்டிரண்டு மேடுகள். மூக்கு என்று நாம் சொல்லும் நீண்ட கொம்பு உண்மையில் மேல்தாடைதான். கீழ்த்தாடை அதில் பாதி நீளம்கூட வராது. அந்த மூக்கைத் தொட்டுப் பார்த்தால் பளபளப்பாக இருக்காது, சொரசொரவென்று இருக்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத நுண்பற்கள் அதன் மேல் அடர்ந்திருக்கின்றன. இந்த நுண்பற்களைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

முழு வளர்ச்சி அடைந்த மயில் மீன் 3 மீட்டரைத் தாண்டும், எடை 100 கிலோவை எட்டும். பெண் மீன்தான் பெரிது. ஆள் நீளத்துக்கு மேற்பட்டவை நம் கரைகளுக்கு வருவது சாதாரணம். மூக்கு நீண்ட மீன்களையெல்லாம் ஒன்றாக நினைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வாள்மீனின் மூக்கு தட்டையானது, வளர்ந்த மீனுக்குச் செதில் கிடையாது, வயிற்றடித் துடுப்பும் கிடையாது. மார்லினுக்கு மூக்கு உருண்டைதான் என்றாலும் உடம்பு தடித்தது, முதுகுத்துடுப்பு முன்பக்கம் மட்டும் உயர்ந்து பிறகு தணிந்துவிடும். பாய் விரிப்பது மயில் மீன் ஒன்றுதான்.

சரி, 110 என்ற எண் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் புளோரிடாவில் லாங் கீ என்ற தீவில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூண்டில் விளையாட்டுக்காரர்களுக்கென்று ஒரு முகாம் இருந்தது. அங்கே தூண்டிலில் மாட்டிய மயில் மீன் ஒன்று மூன்று நொடிகளில் 91 மீட்டர் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடியதாகச் சொல்லப்படுகிறது. கணக்குப் போட்டால் மணிக்கு 109 கிலோமீட்டர் வரும். ஆனால் அது மீன் நீந்திய வேகத்தின் அளவு அல்ல, சுருளிலிருந்து கயிறு கழன்ற வேகத்தின் அளவு. தூண்டிலில் மாட்டிய மயில் மீன் தண்ணீருக்கு மேலே திரும்பத் திரும்பத் துள்ளும். காற்றில் துள்ளும் மீனைத் தண்ணீர் தடுப்பதில்லை. சுழலத் தொடங்கிய சுருள் தன் போக்கிலும் கயிற்றை விடும். மூன்று நொடி என்ற கணக்கில் ஒரு நொடி பிசகினாலே விடை எங்கோ போய்விடும். இத்தனை ஓட்டைகள் இருந்தும் ஒரு நூற்றாண்டுக்காலம் புத்தகத்திலிருந்து புத்தகத்துக்கு அந்த எண் படியெடுக்கப்பட்டு வந்திருக்கிறது.

2015-இல் வெளியான ஓர் ஆய்வில், வேட்டையாடும் மயில் மீன்களை அதிவேக கேமராவால் படமெடுத்தார்கள். மீனின் உடம்பில் முடுக்கத்தை அளக்கும் சிறு கருவியும் பொருத்திப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு வேறொரு வழியில் கணக்குப் போட்டார்கள். மீன் நீந்துவது தசை சுருங்கி விரிவதால். ஒருமுறை சுருங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தால், ஒரு நொடியில் வாலை அதிகபட்சம் எத்தனை தடவை வீச முடியும் என்று தெரிந்துவிடும். ஒரு வீச்சில் மீன் எவ்வளவு தூரம் முன்னேறுகிறது என்பதும் தெரிந்தால், அது எட்டக்கூடிய உச்ச வேகம் கிடைக்கும். மயில் மீனுக்கு வந்த விடை நொடிக்கு 8.3 மீட்டர், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர். ஷீலா மீனுக்கு 6.2 மீட்டர். சூரை வகையைச் சேர்ந்த ஒரு மீனுக்கு 5.6. ஆக, அந்த ஆய்வில் அளந்த நான்கு இனங்களில் மயில் மீன்தான் முதலாவது. ஆனால் எதுவும் நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டவில்லை. நொடிக்கு 10 முதல் 15 மீட்டர் வேகத்துக்கு மேல் போனால் துடுப்பைச் சுற்றி நீராவிக் குமிழிகள் உண்டாகி வெடித்து, துடுப்பையே புண்ணாக்கும் என்பது இயற்பியல் சொல்லும் காரணம். தண்ணீர் அதற்கு மேல் யாரையும் எளிதில் ஓட விடாது.

வேகத்தை நம்பிப் பிழைக்கும் மீன் இல்லை என்றால், சாளைக் கூட்டத்தை இது எப்படிப் பிடிக்கிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்துக்கு அப்பால் இஸ்லா முஹேரெஸ் என்ற சிறு தீவு. ஆண்டின் முதல் சில மாதங்களில் அந்தக் கடலில் சாளைக் கூட்டங்கள் திரளும், அவற்றின் பின்னால் மயில் மீன்கள் வந்து சேரும். யென்ஸ் கிராவுஸே, பவுலோ டொமெனிச்சி முதலிய ஆய்வாளர்கள் அங்கே மீன்களுக்கு நடுவிலேயே நீந்திப் படமெடுத்தார்கள். அவர்களுடைய முதல் முக்கியமான கட்டுரை 2014-இல் வந்தது. அந்தக் காட்சிகளில் தெரிவது நாம் கற்பனை செய்யும் பாய்ச்சல் இல்லை, பொறுமை.

பெரிய கூட்டத்திலிருந்து பிரிந்துபோன ஒரு சிறு சாளைக் கூட்டத்தை மயில் மீன்கள் சூழ்ந்துகொண்டு நீர்மட்டத்தை நோக்கி ஒதுக்குகின்றன. சாளைகள் நெருக்கியடித்து ஒரே பந்தாகச் சுருள்கின்றன. இப்போது ஒரு மயில் மீன் மட்டும் பின்பக்கமாக நெருங்குகிறது. கூட்டத்தின் அருகில் வந்ததும் பாயை முழுவதுமாக விரிக்கிறது, வயிற்றடித் துடுப்புகளையும் நீட்டுகிறது. வாலை வீசும் எந்த மீனுக்கும் தலை இடமும் வலமுமாக ஆடும். பாய் விரிந்ததும் அந்த ஆட்டம் அடங்குகிறது. தலை அசையாமல், மூக்கின் நுனி மெல்லச் சாளைகளுக்கு நடுவே நுழைகிறது. சாளைகள் ஓடுவதில்லை! இத்தனை பெரிய மீன் பின்னால் வருவது அவற்றுக்குத் தெரிகிறது, அதன் உடம்பிலிருந்து தூரம் காக்கின்றன. ஆனால் அந்த மெல்லிய மூக்கைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. மூக்கு தங்கள் விலாவை உரசும் நெருக்கத்தில் இருக்கும்போதும் கூடவே நீந்திக்கொண்டிருக்கின்றன.

பிறகு அடி விழுகிறது. அது இரண்டு வகை. ஒன்று, மூக்கைப் பக்கவாட்டில் பெரிதாக வீசுவது. நீர்வாழ் முதுகெலும்பிகளில் இதுவரை அளந்த முடுக்கங்களிலேயே மிக உயர்ந்தவற்றில் இந்த மூக்கு நுனியின் வீச்சும் ஒன்று. ஒரே வீச்சில் பல சாளைகள் அடிபடும். செதில்கள் பெயர்ந்து தண்ணீரில் மினுங்கிக்கொண்டு இறங்கும். இன்னொன்று, ஒரே ஒரு சாளையைக் குறிவைத்து மூக்கால் சின்னதாக ஒரு தட்டு. அடிபட்ட சாளை நிலைகுலைந்து கூட்டத்தை விட்டு விலகும், அந்த நொடியில் வாய் அதைக் கவ்விவிடும். மூக்கால் குத்தி மீனைக் கோத்து எடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை.

இந்த ஏற்பாட்டில் இருக்கும் நுட்பத்தை நின்று பார்க்க வேண்டும். சிறிய மீனுக்கு ஒரு வசதி உண்டு: அது சட்டென்று திரும்பும், சிறு வட்டத்தில் வளையும். ஐம்பது கிலோ உடம்பை வைத்துக்கொண்டு அதே வளைவில் திரும்ப யாராலும் முடியாது. வாயைத் திறந்துகொண்டு நேராகப் பாய்ந்தால் மயில் மீன் பெரும்பாலும் பட்டினிதான் கிடக்கும். ஆனால் அதன் உடம்பின் ஒரே ஒரு பகுதி சாளையின் விசையோடு போட்டி போடும்: நீண்டு மெலிந்த மூக்கின் நுனி. பெரிய உடம்பின் சக்தி, சின்ன மீனின் சுறுசுறுப்பு இரண்டும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. பாய், துடுப்பு, மூக்கு என்று தனித்தனியாக நாம் வியக்கிற எல்லாம் இந்த ஒரு நொடிக்காகத்தான். மணிக்கு 110 கிலோமீட்டர் என்ற எண்ணை எழுதியவர்கள் இந்த நொடியைப் பார்த்திருந்தால் அந்த எண் அவர்களுக்கே தேவைப்பட்டிருக்காது.

அப்படியும் எல்லா அடியும் பலிப்பதில்லை. நூறு தாக்குதலில் 24 மட்டுமே மீனைப் பெற்றுத் தருகின்றன. ஆனால் நூற்றில் 95 தாக்குதல்களில் சாளைகளுக்குக் காயம் பட்டுவிடுகிறது. 2016-இல் வெளியான ஆய்வு இந்த இரண்டு எண்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தது. மயில் மீன்கள் கூட்டமாக நிற்கும், ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் பாய்வதில்லை. ஒன்று போய் அடித்துவிட்டு விலகும், அடுத்தது வரும். ஒருவர் அடித்த காயம் அவருக்குப் பயன்படாவிட்டாலும் பின்னால் வருபவருக்குப் பயன்படும். நேரம் ஆக ஆகச் சாளைக் கூட்டத்தில் காயம்பட்டவை கூடிக்கொண்டே போகும், கூட்டம் தளரும், பிடிப்பது எளிதாகும். கணித மாதிரியில் போட்டுப் பார்த்தபோது, எழுபது மயில் மீன்கள் வரை சேர்ந்து வேட்டையாடினாலும், தனியாக வேட்டையாடுவதைவிட ஒவ்வொன்றுக்கும் அதில் லாபம் இருப்பது தெரிந்தது. இதற்காக அவை திட்டம் போடுவதில்லை, இரையைப் பங்கிட்டுக்கொள்வதும் இல்லை. முறைவைத்து அடிப்பது ஒன்றே போதுமானதாக இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு கூரிய மூக்குகள் வீசினால் ஒன்றை ஒன்று குத்திவிடும் என்பதும் முறை காப்பதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது 2017-இல் வந்த கண்டுபிடிப்பு. மனிதரில் வலக்கைக்காரர், இடக்கைக்காரர் இருப்பது நமக்குத் தெரியும். மயில் மீனிலும் அப்படி உண்டு. பாயில் உள்ள தழும்புகளையும் கிழிசல்களையும் வைத்து ஒவ்வொரு மீனையும் தனித்தனியாக அடையாளம் கண்டு கவனித்தபோது, சில மீன்கள் பெரும்பாலும் இடப்பக்கமாகவே மூக்கை வீசுவதும், சில வலப்பக்கமாகவே வீசுவதும் தெரிந்தது. எந்த மீன் ஒரே பக்கத்தை அழுத்தமாகப் பிடித்துக்கொண்டதோ அதற்கு அதிக இரை கிடைத்தது. மூக்குகளை எடுத்து ஆராய்ந்தபோது நுண்பற்கள் ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருந்தன. வாழ்நாள் முழுக்க எந்தப் பக்கம் அடித்தது என்பதை மூக்கே பதிவு செய்து வைத்திருக்கிறது.

ஆனால் ஒரே பக்கம் அடிக்கிற பழக்கத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தனியாக ஒரே மயில் மீன் வேட்டையாடினால், அடி எந்தப் பக்கம் வரும் என்பது ஊகிக்கக்கூடியதாகிவிடும். கூட்டத்தில் இடக்காரர்களும் வலக்காரர்களும் கலந்திருப்பதால், அடுத்த அடி எந்தப் பக்கம் வரும் என்று சாளைகளால் சொல்ல முடியாது. தனி மீனின் தேர்ச்சி கூடியும் போகிறது, கூட்டத்தின் குணம் கணிக்க முடியாததாகவும் இருக்கிறது. கூடி வேட்டையாடுவதன் நன்மையை இதைவிட அழகாக விளக்கும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வேட்டையின்போது மயில் மீனின் நிறமும் மாறும். தோலின் கீழ் உள்ள நிற அணுக்கள் நரம்பின் கட்டுப்பாட்டில் இருப்பதால், சில நொடிகளில் விலாவரிகள் பளீரென்று எரியும், பிறகு அடங்கும். எதற்காக? இதன் உறவான வரிமார்லின்களை மெக்சிகோவின் பசிபிக் கரையில் டிரோன் வைத்துப் படமெடுத்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். தாக்கப்போகும் மீனின் வரிகள் மட்டும் கூடுதலாக ஒளிர்ந்தன. தாக்கி முடித்து விலகியதும் மங்கின. இப்போது என் முறை என்று மற்றவற்றுக்கு அறிவிக்கும் சைகையாக அது இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கண்ணையும் சொல்லியாக வேண்டும். மீன்கள் பெரும்பாலும் குளிர்ந்த இரத்தப் பிராணிகள். தண்ணீரின் வெப்பம் எதுவோ அதுவே உடம்பின் வெப்பம். மயில் மீன், மார்லின், வாள்மீன் ஆகியவற்றில் கண்ணை அசைக்கும் தசைகளில் ஒன்று சுருங்கி விரியும் வேலையை விட்டுவிட்டு, வெப்பம் உண்டாக்கும் உறுப்பாக மாறியிருக்கிறது. அது கண்ணையும் மூளையையும் மட்டும் சூடாக வைத்திருக்கும். இரையைத் தேடிக் குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கும்போது பார்வை மந்தமாகாமல் இருக்க இது உதவுகிறது. வாள்மீனின் கண்ணை வைத்துச் செய்த சோதனையில், கண் சூடாக இருக்கும்போது வேகமாக நகரும் பொருளைத் தொடர்ந்து பார்க்கும் திறன் பலமடங்கு கூடுவது தெரியவந்தது. மயில் மீன் பெரும்பாலான நேரம் மேல்மட்டத்திலேயே இருந்தாலும், அவ்வப்போது 100 மீட்டருக்குக் கீழேயும் போய்வரும்.

இதன் பிறப்பும் வளர்ச்சியும் அவசரமானவை. பெண் மீன் ஒரு பருவத்தில் பல லட்சம் முட்டைகளைத் திறந்த கடலில் விடும், ஆண் அங்கேயே அவற்றைக் கருவுறச் செய்யும், அதோடு பெற்றோரின் வேலை முடிந்தது. பொரிந்து வரும் குஞ்சு சில மில்லிமீட்டர்தான். தலையில் முட்கள் இருக்கும், மூக்கு இருக்காது. முதலில் கண்ணுக்கு எட்டாத சிறு உயிர்களைத் தின்று, கொஞ்சம் வளர்ந்ததுமே மற்ற மீன்களின் குஞ்சுகளைத் தின்னத் தொடங்கிவிடும். ஓராண்டுக்குள் 1 மீட்டரைத் தாண்டிவிடும். கடலில் இவ்வளவு சீக்கிரம் நீளும் மீன்கள் குறைவு. வளர்ந்த பிறகு சாளை, நெத்திலி, கானாங்கெளுத்தி, கணவாய் என்று கிடைத்ததைத் தின்னும். மனிதரைத் தேடி வந்து தாக்கும் வழக்கம் இதற்கு இல்லை. தூண்டிலில் மாட்டித் துள்ளும்போது படகில் இருப்பவர்மேல் மூக்கு பாய்ந்து காயம் உண்டான சம்பவங்கள்தான் உண்டு. 2022-இல் புளோரிடாவில் அப்படி ஒன்று செய்தியானது.

இனி நம் கடல். பருவலை என்று தூத்துக்குடி வட்டாரத்தில் சொல்லும் பெரிய கண்ணுள்ள மிதவை வலைகளில் வஞ்சிரத்தோடும் சூரையோடும் மயில் மீனும் வந்து மாட்டும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்கள் ஆயிரங்கால் தூண்டிலோடு அரபிக்கடலின் நடுப்பகுதி வரை போகிறார்கள், அவர்கள் படகிலும் இது வரும். இதில் ஓர் இயற்கைக் காரணமும் சேர்ந்துகொள்கிறது. அரபிக்கடலில் மேல்மட்டத்துக்குக் கீழே ஆக்சிஜன் மிகக் குறைந்த ஒரு பெரும் அடுக்கு இருக்கிறது. மயில் மீனுக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும், அங்கே அதிக நேரம் தங்க முடியாது. அதனால் மேலேயே நெருங்கி வாழ்கிறது. மேலே மிதக்கும் வலையில் மற்ற கடல்களைவிட எளிதாகச் சிக்குகிறது.

இந்தியப் பெருங்கடலில் பிடிபடும் மயில் மீனின் பெரும்பங்கு மிதவை வலைகளில் வருவதுதான். இந்தியா, ஈரான், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகள் அதிகம் பிடிக்கின்றன. இந்தியா உறுப்பினராக உள்ள இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம், ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் போகக்கூடாது என்று 2018-இல் ஒரு வரம்பு வைத்தது. அதன் பிறகும் அந்த வரம்பு மீறப்பட்டிருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை அழிவுக்கு உள்ளாகக்கூடியது என்ற வரிசையில் சேர்த்திருக்கிறது. சீக்கிரம் வளர்கிற மீன் என்பதால் எவ்வளவு பிடித்தாலும் தாங்கும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். எண்ணிக்கையைச் சரியாகக் கணக்கெடுக்காமல் எந்த மீனும் தாங்கும் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. நம் துறைமுகங்களில் மயில் மீன், மார்லின், வாள்மீன் மூன்றையும் ஒரே கணக்கில் எழுதும் வழக்கம் ஒழிந்தாலே பாதி வேலை முடியும்.

சமையலறைக்கு வருவோம். சதை கெட்டி, நார் பிடிப்பு அதிகம். வறுவலைவிடக் குழம்புக்கும் கருவாட்டுக்கும் ஏற்றது என்பது என் கருத்து. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வகை மீன் பிடிபட்டதும் ஐஸில் வைக்கப்படாவிட்டால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். பார்வைக்கு மீன் நன்றாகவே தெரியும், எவ்வளவு வேகவைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் படபடப்பும் வரும். வெயிலில் கிடந்த துண்டை விலை குறைவென்று வாங்க வேண்டாம். அடுத்தது பாதரசம். சிறு மீனைத் தின்னும் பெரிய மீன்களின் உடம்பில் அது சேர்ந்துகொண்டே போகும். இதன் நெருங்கிய உறவுகளான மார்லினையும் வாள்மீனையும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறு குழந்தைகளும் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. மயில் மீனுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும் என்று கொள்வதே நல்லது. அவர்களுக்குச் சாளையும் நெத்திலியும் போதும், சத்தும் அவற்றில்தான் கூடுதல்.

இன்னொரு வேண்டுகோள். கீழ்த்தாடை நுனியிலிருந்து வாலின் கவை வரை 60 சென்டிமீட்டருக்குக் குறைந்த மயில் மீன் சிக்கினால், அதைப் பிழைக்கும்படி உடனே கடலில் விட்டுவிட வேண்டும், கரைக்குக் கொண்டுவரக் கூடாது என்பது சூரை ஆணையத்தின் விதி. அந்த அளவுள்ள மீன் பிறந்து சில மாதங்களே ஆனது, ஒருமுறைகூட முட்டையிடாதது. இரண்டு அடிக்கு உட்பட்ட மயில் மீன் குட்டி உங்கள் ஊர் மீன்கடைக்கு வந்தால் வாங்காதீர்கள். ஏன் வாங்கவில்லை என்பதைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.